பைன் காடு மூப்படையும்போது: மரங்களின் வளர்ச்சியையும் பட்டுப்போதலையும் ஆண்டுக்கணக்கில் அளப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலைச் சுற்றியும், பூம்பாறை, மன்னவனூர் பக்கத்து மலைச்சரிவுகளிலும் கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் நடப்பட்ட பைன் மரங்கள் இன்று முதிர்ந்து நிற்கின்றன. முன்பு புல்வெளியாக இருந்த இடங்களில் வரிசை பிடித்து நடப்பட்ட மரங்கள் அவை. உள்ளே நடந்து பார்த்தால், நின்றபடியே காய்ந்த பட்டமரங்களும், வேரோடு சாய்ந்தவையும், சாய்ந்த இடத்தில் விழும் வெயிலில் முளைத்திருக்கும் சோலை (இம்மலைகளின் இயற்கையான பசுமைக்காடு) மரக் கன்றுகளும் கண்ணில் படும். இந்தக் காடு இன்னும் வளர்கிறதா, தேயத் தொடங்கிவிட்டதா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது. மரங்களுக்கு எண் இட்டு, அதே மரங்களை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்து, பட்டுப்போனவற்றை ஒன்று விடாமல் எழுதிவைத்தால் மட்டுமே விடை கிடைக்கும். கல்லூரி மாணவர்கள், இயற்கை மன்றத்தினர், தோட்ட உரிமையாளர்கள் ஆகியோர் இதைத் தாங்களே செய்துகொள்ள உதவுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

இம்முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலக் கடற்கரையில், பசிபிக் பெருங்கடலின் மூடுபனி வந்து படியும் கேஸ்கேட் ஹெட் என்ற ஆய்வுக் காட்டில், சிட்கா ஸ்புரூஸ், வெஸ்டர்ன் ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரங்களுக்கான நிரந்தரத் திடல்கள், அதாவது எல்லை குறித்து மீண்டும் மீண்டும் அளக்கும் நிலத்துண்டுகள், 1935இல் அமைக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எரிந்த ஒரு பெருந்தீக்குப் பின் முளைத்த காடு அது. அளக்கத் தொடங்கியவர்கள் அக்காட்டின் முதுமையைத் தாங்கள் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே தொடங்கினார்கள். நமக்கு அருகில், முதுமலையின் இலையுதிர்க் காட்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1988இல் 50 ஹெக்டேர் திடல் ஒன்றை அமைத்து, 1 செ.மீ. விட்டமுள்ள தண்டு வரை எண்ணிவருகிறது. கொடைக்கானலிலேயே இன்னொரு முன்மாதிரி இருக்கிறது, ஆனால் அது மரத்தைப் பற்றியதன்று: இங்குள்ள சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்துவருகிறது. ஒரே பொருளை ஒரே முறையில் நூறாண்டுக்கு மேல் பார்ப்பதன் பயன் என்னவென்று இவ்வூர்க்காரர்களுக்கு வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அளவு நாடாவைக் கையில் எடுக்கும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள். திடலில் ஐந்தே மரங்கள் இருப்பதாகவும், அவற்றின் சுற்றளவு 40, 45, 110, 120, 135 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். சராசரி 90 செ.மீ. ஐந்து ஆண்டு கழித்து, நிழலில் தவித்துக்கொண்டிருந்த சிறிய இரண்டும் பட்டுப்போய்விட்டன, மற்ற மூன்றும் 112, 121, 138 செ.மீ. ஆகியுள்ளன. இப்போது சராசரி ஏறத்தாழ 124 செ.மீ. சராசரியை மட்டும் பார்ப்பவர் காடு 34 செ.மீ. பருத்துவிட்டது என்று மகிழ்வார். உண்மையில் பிழைத்திருக்கும் ஒவ்வொரு மரமும் சராசரியாகப் பருத்தது வெறும் 2 செ.மீ. மீதி முழுவதும் சாவு செய்த வேலை. பட்டுப்போனதை எண்ணாத அளவீடு குறைவான அளவீடு என்பதோடு நிற்பதில்லை, அது பொய்யான அளவீடாகவும் ஆகிவிடுகிறது. கீழே வரும் படிகளில் பட்டமரத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

படி 1: அனுமதியும் இடத்தேர்வும்

காப்புக்காட்டுக்குள் ஒரு ஆணி அடிப்பதற்கும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வாய்மொழி அனுமதி அலுவலர் மாறியதும் மறைந்துபோகும், உங்கள் திடலோ பல அலுவலர்களைத் தாண்டி நிற்க வேண்டியது. அயல் மரங்களை அகற்றிப் புல்வெளியையும் சோலையையும் மீட்கும் பணி இம்மலைகளில் நடந்துவருவதால், நீங்கள் தேர்ந்த பகுதி வெட்டுக்குக் குறிக்கப்பட்டதா என்றும் முன்கூட்டியே கேட்டறியுங்கள். வெட்டப்படும் என்றாலும் திடலைக் கைவிட வேண்டியதில்லை. வெட்டுக்கு முன்னும் பின்னும் அளந்த திடல் அரிதானது. தெரியாமல் மாட்டிக்கொள்வதுதான் இழப்பு.

இடத்தைத் தேர்வதில் மனிதக் கண்ணின் ஆசை குறுக்கிடும். நெடிதுயர்ந்த அழகான மரங்கள் நிற்கும் இடத்தில் திடல் போடவே கால் தானாக நடக்கும். அப்படிச் செய்தால் தொடக்கத்திலேயே முடிவு ஒருபக்கம் சாய்ந்துவிடும். வரைபடத்தில் கட்டம் போட்டு, சீட்டுக் குலுக்கி எடுங்கள். மலைமுகடு, நடுச்சரிவு, பள்ளம் மூன்றிலும் இடம் விழுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். காற்று முகட்டில் அடிக்கும் அடி வேறு, பள்ளத்தில் வேறு.

படி 2: எத்தனை மரங்கள்?

ஒரு திடலுக்கு 20 மீட்டருக்கு 50 மீட்டர், அதாவது ஏறத்தாழக் கால் ஏக்கர், வசதியான அளவு. திடலின் பரப்பைவிட மொத்த மரங்களின் எண்ணிக்கையே முக்கியம். ஆண்டுக்கு நூற்றில் ஒரு மரம் பட்டுப்போகும் காட்டில் 100 மரங்களை மட்டும் பார்த்தால் ஐந்து ஆண்டில் சுமார் ஐந்து சாவுகளைக் காண்பீர்கள். அந்த ஐந்து, வெறும் தற்செயலால் மூன்றாகவோ எட்டாகவோ ஆகியிருக்கலாம். அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நான்கைந்து திடல்களில் 400 மரங்களாவது இருந்தால் எண்களுக்கு ஒரு திடம் வரும். தொடக்க உற்சாகத்தில் ஆயிரம் மரத்துக்கு எண் இட்டுவிட்டு இரண்டாம் முறை வர ஆளில்லாமல் போவதைக் காட்டிலும், தவறாமல் திரும்பி வரக்கூடிய அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படி 3: எல்லை கட்டுதல்

சரிவில் நாடாவைத் தரையோடு இழுத்து 20 மீட்டர் அளந்தால் திடல் சிறுத்துவிடும், ஏனெனில் பரப்பு என்பது கிடைமட்டக் கணக்கு. சரிவு 20 பாகையானால் தரையோடு 21.3 மீட்டரும், 30 பாகையானால் 23.1 மீட்டரும் இழுக்க வேண்டும். சரிவுமானி இல்லாதவர்கள் நாடாவை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படிக்கட்டு இறங்குவதுபோல் துண்டுதுண்டாக அளக்கலாம். நேரம் பிடித்தாலும் பிழை வராது.

மூலைகளுக்குக் கல் நடுங்கள். இரும்புக் குழாய் நட்டால் அடுத்த முறை நீங்கள் வருவதற்குள் அது பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். கைப்பேசி காட்டும் இருப்பிடம் மரத்தடியில் பல மீட்டர் தள்ளிக் காட்டும் என்பதால் அதை மட்டும் நம்பாமல், நகராத பெரும்பாறை ஒன்றிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் உள்ள தூரத்தையும் திசைகாட்டிப் பாகையையும் எழுதிவைக்க வேண்டும். எல்லைக்கோட்டின் மேல் நிற்கும் மரம், அதன் அடிமரத்தின் நடுப்புள்ளி உள்ளே இருந்தால் உள்ளே, வெளியே இருந்தால் வெளியே.

படி 4: எண் தகடு

அலுமினியத் தகடு, அலுமினிய ஆணி. இரும்பு ஆணி துருப்பிடிக்கும், பின்னாளில் அந்த மரம் அறுக்கப்பட்டால் ரம்பத்தின் பல்லையும் உடைக்கும். ஆணியை முழுவதும் அடித்து இறுக்கிவிடக் கூடாது. பருத்துக்கொண்டே போகும் மரம் தகட்டை மெல்ல விழுங்கிவிடும் என்பதால் 3 செ.மீ. நீளமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஒவ்வொரு மறு அளவீட்டிலும் அதைச் சிறிது வெளியே இழுத்துவிட வேண்டும். ஆணி அடித்த இடம் நாளடைவில் புடைக்கும். ஆகவே அளக்கும் கோட்டிலிருந்து ஒரு அடி மேலே அடியுங்கள். சுற்றுலாப் பயணிகள் வரும் பகுதியில் தகடு பாதைக்கு முதுகு காட்டி இருக்கட்டும்.

ஒரு மரத்துக்குத் தந்த எண்ணை அந்த மரம் மண்ணாகிப் போன பின்னும் வேறு மரத்துக்குத் தரக் கூடாது.

படி 5: சுற்றளவை எடுத்தல்

எங்கள் குழுவின் முதல் மறு அளவீட்டில் கால்வாசிக்கும் மேற்பட்ட மரங்கள் இளைத்துவிட்டதாகத் தாள் காட்டியது. மரம் இளைக்குமா என்று திகைத்து விசாரித்ததில், முதல் முறை நாடா பிடித்த மாணவர் உயரம் குறைந்தவர் என்பதும், தம் நெஞ்சுக்கு நேராகவே எல்லா மரங்களையும் அளந்திருந்தார் என்பதும் தெரிந்தது. சுற்றளவை எடுக்க வேண்டிய மார்பளவு உயரம் என்பது யாருடைய மார்பும் அன்று. இந்திய வனத்துறை நடைமுறையில் அது தரையிலிருந்து 1.37 மீட்டர். உலகின் வேறு பல திடல்களில் 1.3 மீட்டர். எதை எடுத்தாலும் சரி, எடுத்ததை மாற்றக் கூடாது. அந்த உயரத்துக்கு ஒரு மூங்கில் குச்சியை வெட்டிக்கொண்டு, அதை ஊன்றித்தான் ஒவ்வொரு மரத்தையும் அளக்க வேண்டும்.

குச்சியைச் சரிவின் மேற்புறத்தில், ஊசியிலைச் சருகைக் காலால் ஒதுக்கிவிட்டு, மண்ணில் பதியாமல் ஊன்றுங்கள். பைன் காட்டில் சருகு மெத்தைபோல் கிடக்கும், அதன் மேலேயே குச்சியை வைத்தால் சில விரற்கடை உயரம் கூடிவிடும். மரம் சாய்ந்து வளர்ந்திருந்தால் சாய்ந்த பக்கத்தில் குச்சியை வைத்து, நாடாவைத் தண்டின் அச்சுக்குச் செங்குத்தாகச் சுற்ற வேண்டும். தண்டில் படிந்த பாசியை உள்ளங்கையால் தடவி அகற்றலாம். பட்டையைச் சீவக் கூடாது, சீவினால் அடுத்த ஐந்தாண்டு வளர்ச்சியை நீங்களே கழித்துவிட்டதாக ஆகும். அளக்கும் இடத்தில் கணுவோ புடைப்போ இருந்தால் வழுவழுப்பான இடத்துக்கு ஏற்றி அளந்து, எவ்வளவு ஏற்றினோம் என்பதைக் குறிப்பில் எழுத வேண்டும். 1.37 மீட்டருக்குக் கீழேயே இரண்டாகக் கிளைத்த மரத்துக்கு ஒரே எண்ணில் அ, ஆ என இரு தண்டுகள். அளந்த கோட்டில் மெல்லிய வண்ணக்கோடு ஒன்று இழுத்துவிட்டால் அடுத்து வருபவருக்குச் சந்தேகம் இருக்காது. தையற்காரர் நாடா வேண்டவே வேண்டாம், அது இழுத்த இழுப்புக்கு நீளும். இழைக்கண்ணாடி நாடாவோ எஃகு நாடாவோ போதும்.

இருவராகச் செய்யும் வேலை இது. ஒருவர் அளந்து எண்ணை உரக்கச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். எழுதுபவர் கையில் சென்ற முறை அளவு இருக்கலாம், ஆனால் புதிய எண் வாயிலிருந்து வரும்வரை அதைச் சொல்லக் கூடாது. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் நாடா தானாக அந்த எண்ணைத் தேடிப் போகும். புதிய அளவு பழையதைவிடக் குறைந்திருந்தாலோ நம்ப முடியாத அளவு கூடியிருந்தாலோ, மரத்தடியை விட்டு நகரும் முன்பே மீண்டும் அளக்கச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து கண்டுபிடித்த பிழையைத் திருத்த வழியில்லை.

காலமும் ஒன்றாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த பட்டை உப்பியும் வறண்ட கோடையில் சுருங்கியும் இருக்கும். தை பிற்பாதியிலிருந்து மாசிக்குள் முடித்துக்கொள்வது பழனி மலைக்குப் பொருந்தும்: மழை ஓய்ந்திருக்கும், காட்டுத்தீக் காலமும் முற்றியிருக்காது. காலை வெயில் ஏறும் வரை காத்திருங்கள், காட்டுமாடுகள் மேய்ந்து ஒதுங்கவும் அந்த நேரம் வேண்டும்.

மரத்தை அறுத்தோ துளைத்தோ ஆண்டு வளையத்தை எண்ணினால் இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கடுங்குளிரில் வளர்ச்சி அடியோடு நின்றுபோகும் நாடுகளில் வளையம் ஆண்டுக்கு ஒன்றாகத் தெளிவாக விழும். நம் மலையில் இரண்டு பருவமழைகளுக்கு நடுவே வளரும் பைன், ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வளையம்போல் தோன்றுவதைக் காட்டிவிடலாம். தவிரவும், வளையம் உயிரோடு இருக்கும் மரத்தின் கதையைத்தான் சொல்லும். பட்டுப்போய் மட்கியவற்றைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

படி 6: பட்டுப்போனதைப் பதிவு செய்தல்

எங்களோடு வந்த மாணவர் ஒருவர் புதிய தாள் தயாரிக்கும்போது பட்டமரங்களின் எண்களையெல்லாம் நீக்கிவிட்டார். கேட்டபோது, "பட்டுப்போன மரத்துக்கு எதுக்கு சார் ஒரு வரி?" என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறோம் என்று அவருக்கு விளக்க ஒரு மாலைப்பொழுது ஆனது. பழைய தாள் பத்திரமாக இருந்ததால் தப்பினோம்.

முதலில், மரம் செத்துவிட்டதா என்பதை உறுதி செய்ய வேண்டும். தொலைநோக்கியால் உச்சியைப் பாருங்கள். ஒரு கொத்துப் பச்சை ஊசியிலை இருந்தாலும் அது உயிருள்ள மரம்தான். எல்லாம் பழுப்பாக இருந்தால், சிறு கத்தியால் பட்டையில் நகக்கண் அளவு கீறுங்கள். உள்ளே ஈரமும் வெளிர்ப்பச்சையும் தெரிந்தால் உயிர் இருக்கிறது, காய்ந்து பழுப்பாகியிருந்தால் இல்லை. ஐயம் இருந்தால் "ஐயம்" என்றே எழுதுங்கள், அடுத்த ஆண்டு தானாகத் தெளிந்துவிடும்.

அடுத்தது, எப்படிச் செத்தது. நின்றபடி காய்ந்தது, வேரோடு சாய்ந்தது, தண்டு முறிந்தது, எரிந்தது, வெட்டப்பட்டது, காணவில்லை என ஆறு வகை போதும். இவற்றுக்குள் குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. நின்றபடி காய்ந்து மூன்று ஆண்டு கழித்து விழுந்த மரமும், உயிரோடு இருக்கும்போதே காற்றில் விழுந்த மரமும் தரையில் ஒன்றுபோலவே கிடக்கும். உயிரோடு விழுந்ததில் சிறு கிளைகளும் காய்ந்த ஊசிகளும் சில காலம் ஒட்டியிருக்கும், வேர்ப்பந்தோடு மண் அப்பியிருக்கும். செத்து நின்று விழுந்ததில் பட்டை உரிந்தும் சிறு கிளைகள் முன்பே உதிர்ந்தும் போயிருக்கும், வேர் அழுகி அடியிலேயே ஒடிந்திருக்கும். விழுந்த திசையையும் திசைகாட்டியில் பார்த்து எழுதுங்கள். பத்து மரங்கள் ஒரே திசையில் கிடந்தால் அது ஒரே இரவின் காற்று.

சாவின் காரணத்தை மட்டும் அவசரப்பட்டு எழுதாதீர்கள். தண்டில் வண்டு துளைத்த ஓட்டை இருந்தால் வண்டு கொன்றது என்று பொருளில்லை. நிழலில் நலிந்து, வறட்சியில் வாடி, வேரில் பூஞ்சை ஏறிய பின் கடைசியாக வந்த விருந்தாளியாகவும் வண்டு இருக்கலாம். கண்ட அடையாளங்களை எழுதுங்கள், தீர்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மரமும் இல்லை, குழியும் இல்லை, அடிக்கட்டையும் இல்லை என்றால் "காணவில்லை" என்பதே நேர்மையான பதிவு.

விழுந்த மரத்தை அப்புறப்படுத்தவும் வேண்டாம், கணக்கிலிருந்து விலக்கவும் வேண்டாம். ஒரிகானின் எச். ஜே. ஆண்ட்ரூஸ் ஆய்வுக் காட்டில் விழுந்த மரங்கள் எப்படி மட்குகின்றன என்று பார்க்க 1985இல் தொடங்கிய ஆய்வுக்கு 200 ஆண்டுத் திட்டம் போட்டிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். பட்டை உண்டா, குத்தினால் கத்தி இறங்குகிறதா, மேலே கன்று முளைத்திருக்கிறதா என்ற மூன்றையும் ஒவ்வொரு முறையும் குறித்தால் போதும்.

படி 7: புதிதாக நுழைபவை

குறைந்தபட்சச் சுற்றளவு ஒன்றை, எடுத்துக்காட்டாக 15 செ.மீ., வைத்துக்கொண்டு, அதைத் தாண்டி வளர்ந்த ஒவ்வொன்றுக்கும் புதிய எண் கொடுங்கள். பழனி மலையில் இப்படி நுழைபவற்றில் பைன் மட்டுமல்ல, சோலை மரங்களும் சீகையும் (வாட்டில் என்னும் அயல் மரம்) இருக்கும். பைன் விட்ட இடத்தைப் பிடிப்பது சோலையா சீகையா என்பது இங்குள்ள எல்லோருடைய கேள்வியும் ஆகையால், இனப்பெயரை ஊகித்து எழுதாமல் இலை, காய் மாதிரி எடுத்து அறிந்தவரிடம் காட்டி எழுதுங்கள்.

படி 8: திரும்பி வரும் இடைவெளி

சுற்றளவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும், ஏனெனில் முதிர்ந்த மரம் ஓராண்டில் பருப்பது நாடாவின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். பட்டுப்போனவற்றை மட்டும் ஆண்டுதோறும் ஒரு நாள் சுற்றி வந்து குறியுங்கள். முதுமலையிலும் சாவுக்கணக்கு ஆண்டுதோறும் எடுக்கப்படுகிறது. ஐந்து ஆண்டு கழித்து வந்து பார்ப்பவருக்கு மரம் செத்தது தெரியும், எந்த ஆண்டு, எதனால் என்பது தெரியாது.

புயல் வந்தால் அட்டவணைக்குக் காத்திராமல் உடனே போங்கள். 1962 அக்டோபர் 12 அன்று அமெரிக்காவின் பசிபிக் கடற்கரையைத் தாக்கிய பெரும்புயல் ஒரே நாளில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. அக்கடற்கரைக் காடுகளின் சாவுக்கணக்கை அப்படிப்பட்ட ஓரிரு நாட்களைத் தவிர்த்துவிட்டு எழுதவே முடியாது. நமக்கு அப்படியொரு நாள் 2018 நவம்பர் 16. வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, உள்நாட்டைக் கடந்து கொடைக்கானல் வரை வந்து மரங்களைச் சாய்த்தது. 2017இல் திடல் போட்டு 2018 ஆகஸ்டில் கணக்கை முடித்தவருக்கும், அதை 2019இல் முடித்தவருக்கும் ஒரே காட்டைப் பற்றி இரு வேறு முடிவுகள் கிடைத்திருக்கும்.

படி 9: கணக்கு

ஆண்டுச் சாவு விகிதத்தை வெறுமனே வகுத்து எடுக்கக் கூடாது. 400 மரங்களில் 20 ஆண்டு கழித்து 280 மிஞ்சினால், செத்தது 30 விழுக்காடு, ஆண்டுக்கு 1.5 என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சாவு வருவது மிஞ்சியிருக்கும் மரங்களிலிருந்துதான். ஆகவே மிஞ்சியதைத் தொடக்க எண்ணிக்கையால் வகுத்து (0.7), அதற்கு இருபதாம் படிமூலம் கண்டு (0.982), ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். விடை ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 விழுக்காடு. ஐந்தாண்டுக் கணக்கில் இந்த வேறுபாடு சிறிது, ஆண்டுகள் கூடக் கூடப் பெரிதாகும்.

இந்தச் சிறு எண்களை அலட்சியம் செய்ய வேண்டாம். ஆண்டுக்கு 1 விழுக்காடு என்றால் காடு பாதியாகக் குறைய 69 ஆண்டு, 2 விழுக்காடு என்றால் 34 ஆண்டு. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்ள முதிய காடுகளின் நிரந்தரத் திடல்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, சாவு விகிதம் பகுதிக்கேற்ப 17 முதல் 29 ஆண்டுகளில் இரட்டிப்பாகும் வேகத்தில் ஏறிவருவதை 2009இல் வெளியிட்டது. வெப்பமும் நீர்ப்பற்றாக்குறையும் காரணமாக இருக்கலாம் என்றது. அக்காடுகளில் நடந்து போன ஒருவர் கண்ணுக்கு அந்த ஏற்றம் தெரிந்திருக்காது.

வளர்ச்சிக்கு, சுற்றளவை 3.1416ஆல் வகுத்தால் விட்டம் வரும். ஆனால் முதிர்ந்த காட்டில் விட்டத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஒரு செ.மீ. பருமன் கூடுவதற்கு மெலிந்த மரத்துக்குத் தேவைப்படும் மரக்கட்டையைவிடப் பருத்த மரத்துக்குப் பல மடங்கு வேண்டும். எனவே அடிமரப் பரப்பை, அதாவது அளந்த உயரத்தில் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிடுங்கள்: சுற்றளவை மீட்டரில் எழுதி, அதைத் தன்னாலேயே பெருக்கி, 12.57ஆல் வகுக்க வேண்டும். 1.57 மீட்டர் சுற்றளவுள்ள மரத்துக்கு 0.196 சதுர மீட்டர் வரும். 403 மர இனங்களை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வு, பெரும்பாலான இனங்களில் மரம் பெரிதாகப் பெரிதாக ஆண்டுதோறும் அது சேர்க்கும் எடையும் கூடுகிறது என்று காட்டியது. தனிமரம் ஓயவில்லை. இருந்தும் முதிர்ந்த காட்டின் நிகர வளர்ச்சி குறைவதற்கு மரங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதும் ஒரு பெரிய காரணம். ஆகையால் ஒவ்வொரு அளவீட்டுக்கும் மூன்று எண்களைத் தனித்தனியாக எழுதுங்கள்: பிழைத்தவை கூட்டிய பரப்பு, புதிதாக நுழைந்தவற்றின் பரப்பு, பட்டுப்போனவை கடைசியாக அளந்தபோது கொண்டிருந்த பரப்பு. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் நிகரம். நிகரத்தை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிட்டால், அமைதியாக நின்ற காட்டுக்கும் வேகமாக வளர்ந்து வேகமாகச் செத்த காட்டுக்கும் ஒரே எண் வந்துவிடும்.

படி 10: தாளைக் காப்பது

களத்தில் பென்சிலால் எழுதுங்கள், மூடுபனியில் மை கரைந்து ஓடும். எழுதிய தாளைத் திருத்தி நகல் எடுத்துவிட்டு மூலத்தைக் கிழித்துப் போடாதீர்கள். கணினிப் பதிவில் ஐயம் வரும்போது அந்தக் கசங்கிய தாள்தான் சாட்சி. மூன்று நகல்கள் மூன்று வெவ்வேறு இடங்களில், அவற்றில் ஒன்று உங்களைவிட இளையவர் ஒருவரிடம் இருக்கட்டும். கோப்பின் முதல் பக்கத்தில், அளந்த உயரம், நாடாவின் வகை, குறைந்தபட்சச் சுற்றளவு, பாறையிலிருந்து மூலைக்கற்களின் தூரம், அளந்தவர்கள் பெயர், கடைசியாகப் பயன்படுத்திய எண் ஆகிய ஆறையும் எழுதி, மூங்கில் குச்சியையும் அந்தக் கோப்போடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.